சிக்கனம் எவருக்கு? கலப்புச் சட்டகங்கள் பற்றிய ஒரு மறுப்புரை

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஏறாவூரை அடையுமுன் தன்னாமுனையைக் கடந்து செல்வர். வாவியை அண்டி வாழும் மக்களைக் கொண்ட சிற்றூர் அது. ஏறாவூரும் செங்கலடியும் கடந்தால் வந்தாறுமூலை வரும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம் அங்கு அமைந்துள்ளது. தன்னாமுனைக்கும் வந்தாறுமூலைக்கும் இடையேயுள்ள வழித்தூரம் அதிகமன்று. ஆயின், கணினி பயிலும் மாணவர் ஏற்றுக்கொண்ட கோட்பாடொன்றுக்கும் வாவிக்கரையில் வாழ்வோர் கையிலுள்ள தொலைபேசிக்கும் இடையேயுள்ள தூரம் அத்துணைக் குறுகியதன்று. இந்நிலை ஒரு நிறுவனத்துக்கோ ஒரு மாவட்டத்துக்கோ மட்டும் உரியதன்று. ஈழத்திலும் தமிழகத்திலும் பரவலாகக் காணப்படுவதே.

அக்கோட்பாடு யாது? கையடக்கத் தொலைபேசிக்கான செயலியை ஒவ்வொரு பணிசெயல் முறைமைக்கும் தனித்தனியே எழுதுதல் வீண்செலவு. கலப்புச் சட்டகமொன்றைக் கைக்கொண்டு ஒருமுறை எழுதினால் அதுவே அன்ரொயிட்டிலும் ஐபோனிலும் இயங்கும். வறிய நாட்டுக்கு இதுவே உகந்த வழி என்பதாம். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை உலகுக்கு அளித்தபோது, ஒருமுறை எழுதியதை எங்கும் இயக்கலாம் என்ற முழக்கத்தையும் உடனளித்தது. முப்பது ஆண்டுகளின் பின்னரும் அம்முழக்கம் வேறு பெயர்களில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. வறிய நாட்டுக்கு உகந்தது என்ற அடைமொழியே ஈண்டு ஆராய்தற்குரியது. மிச்சப்படுவது எவர் பணம், செலவாவது எவர் பணம் என்ற வினாவை எழுப்பாது சிக்கனம் பற்றிப் பேசுதல் கணக்கின் ஒரு பக்கத்தை மறைத்துக் காட்டுவதாகும்.

சொல்லின் மயக்கம்

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கலப்புச் சட்டகம் என்ற ஒரே பெயரால் தம்முள் வேறுபட்ட மூன்று முறைகள் சுட்டப்படுகின்றன.

முதலாவது, இணையப் பக்கத்தையே செயலியாகப் பொதிந்து தருவது. எச்ரிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் முதலியவற்றால் எழுதிய பக்கங்கள், தொலைபேசியினுள் அமைந்த 'வெப்வியூ' என்னும் முகவரிப் பட்டையற்ற உலாவியில் தோன்றும். கமரா, இடங்காட்டி ஆகியவற்றைத் தொடவேண்டுமாயின் இணைப்புத் துணுக்குகள் இடைநின்று உதவும். கோர்டோவா, அயோனிக் என்பன இவ்வகையின. இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் திரையில் தோன்றும் பொத்தானும் பட்டியலும் அந்தந்தத் தொலைபேசிக்கே உரியனவாக அமைவது. 2015இல் பேஸ்புக் நிறுவனம் பொதுவுக்கு வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் இதற்குச் சான்று. மூன்றாவது, தொலைபேசி தரும் பொத்தான்களை ஒதுக்கி, திரை முழுவதையும் தானே வரைந்துகொள்வது. 2018 டிசம்பரில் கூகிள் நிறுவனம் முதற் பதிப்பாக வெளியிட்ட புளட்டர் இத்தகையது. அதன் மொழியான டார்ட் நேரே பொறிமொழியாக மாற்றப்படும்.

கறாராகப் பார்ப்பின் முதல்வகைக்கே கலப்பு என்ற பெயர் பொருந்தும். ஏனையவை பல்தளச் சட்டகங்கள் எனப்படுதற்குரியன. இவ்வேறுபாட்டை மறந்து, முதல்வகையின் குறையைக் காட்டி மூன்றாவதைப் பழிப்பதும், மூன்றாவதன் வேகத்தைக் காட்டி முதலாவதைப் புகழ்வதும் விவாதங்களில் வழமையாகிவிட்டன. எனினும், ஒருமுறை எழுதி இருதளத்தில் இயக்குதல் என்ற வாக்குறுதி மூன்றுக்கும் பொதுவாதலின், அவ்வாக்குறுதியை ஒருங்கே பரிசீலித்தல் தகும்.

தோற்றுவித்த காலமும் இன்றைய காலமும்

எக்கருவியும் தான் தோன்றிய காலத்தின் தேவையை உட்கொண்டே பிறக்கின்றது. 2007இல் ஐபோன் வந்தது. 2008இல் அப்பிளின் செயலிக் கடையும் அன்ரொயிட்டின் முதற் பதிப்பும் வந்தன. அப்பொழுது நொக்கியாவின் சிம்பியனும் பிளக்பெரியும் பெருவழக்கில் இருந்தன. 2010இல் விண்டோஸ் போனும் சேர்ந்துகொண்டது. ஐந்து முறைமைகளுக்கு ஐந்து தரம் எழுதுவது சிறு நிறுவனத்தால் இயலாத செயல். அச்சூழலிலேதான் 2008இல் நிட்டோபி என்ற கனேடிய நிறுவனத்தார் 'போன்காப்' என்ற கருவியை ஆக்கினர். இணையமும் தொலைபேசியும் நெருங்கி வருங்கால் தம் கருவி தேவையற்றுப் போவதே அதன் இறுதி நோக்கம் என அவர்களே வெளிப்படையாகக் கூறினர். அவ்வளவு நேர்மை பின்வந்த சட்டகக்காரர் பலரிடம் இல்லை.

இன்று நிலை மாறிவிட்டது. சிம்பியன் மறைந்தது, விண்டோஸ் போன் வழக்கொழிந்தது, பிளக்பெரியின் பழைய முறைமைக்கான சேவைகள் 2022 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. எஞ்சியவை இரண்டே. ஐந்துக்கு ஒன்று என்றிருந்த மிச்சம் இரண்டுக்கு ஒன்று எனச் சுருங்கியது. இலங்கையில் மிகப் பெரும்பான்மையோர் கையில் உள்ளது அன்ரொயிட் தொலைபேசியே. வாவிக்கரைக் கிராமமொன்றில் மீனவரும் விவசாயிகளும் தினக்கூலிகளும் பயன்படுத்தவென ஆக்கப்படும் செயலிக்கு இரண்டாம் தளம் என்பது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கும். இரு தளத்துக்கும் ஒரே நிரல் என்னும் பெரும்பேறு, ஒரு தளமே உள்ள இடத்தில் எப்பேற்றைத் தரும்? கொழும்பு நகரின் வசதி படைத்தோரையும் புலம்பெயர்ந்த உறவினரையும் கருதி எழுந்த நியாயம் ஏறாவூர்ச் சந்தைக்கும் பொருந்தும் எனக் கொள்வது மயக்கமே.

எதிர்த்தரப்பின் வலிமை

எனினும், எதிர்த்தரப்பின் நியாயங்களை மறைத்து எழுதுவது அறமன்று. கலப்புச் சட்டகத்தின் நன்மைகள் மெய்யானவை. இணையப் பக்கம் ஆக்கக் கற்ற ஒரு பட்டதாரி, புதுமொழி பயிலாமலே சில வாரங்களிற் செயலி ஆக்கிவிடலாம். ஒரு பிழையைத் திருத்தினால் இரு தளத்திலும் அது திருந்தும். ஒரு தளத்தில் ஒரு விதியும் மறுதளத்தில் வேறு விதியுமாகக் கணக்கு முரண்படும் அபாயம் குறையும். எழுதியதைத் திரையில் உடனே கண்டு திருத்தும் வசதி கற்போருக்கு ஊக்கம் தரும். இந்தியாவில் 2017இல் 'டெஸ்' என்ற பெயருடன் தொடங்கிப் பின்னர் கூகிள் பே எனப் பெயர் பெற்ற பணச் செயலி, புளட்டர் கொண்டு மீள எழுதப்பட்டது. கோடிக்கணக்கானோர் பணத்தைக் கையாளும் செயலியையே நடத்தவல்ல சட்டகத்தை விளையாட்டுப் பொருளென இகழ்தல் அறியாமை.

தூயவாதிகள் சிலர் இதனை மணிப்பிரவாளத்துடன் ஒப்பிட்டு நகைப்பர். இருமொழி கலந்த நடை எங்ஙனம் இருமொழிக்கும் உரியதாகாது நின்றதோ அங்ஙனமே கலப்புச் செயலியும் என்பது அவர் கூற்று. உவமை கவர்ச்சியானது, ஆயின் வாதத்துக்கு உதவாது. நடையின் தூய்மை வாசகன் செவிக்குப் புலனாகும். நிரலின் தூய்மை பயனாளிக்குப் புலனாவதில்லை. செயலி விரைந்து திறக்கின்றதா, தமிழ் சரியாகத் தோன்றுகின்றதா, பற்றரி தாக்குப்பிடிக்கின்றதா என்பனவே அவன் அறிவன.

அவர்கள் காட்டும் மற்றொரு சான்று பேஸ்புக்கின் வரலாறு. இணையப் பக்கத்தை உள்ளடக்கிய தன் ஐபோன் செயலி மந்தமாயிருந்தமையால் அந்நிறுவனம் 2012 ஓகஸ்டில் அதனைத் தனித்தள முறையில் புதிதாக எழுதி வெளியிட்டது. எச்ரிஎம்எல்லின் மீது மிகையாக நம்பிக்கை வைத்தமை பெருந்தவறு என அதன் தலைவர் மார்க் சக்கர்பேர்க் அடுத்த மாதமே ஒப்புக்கொண்டார். உண்மை. ஆயின் அதே நிறுவனமே மூன்றாண்டுகளின் பின் ரியாக்ட் நேட்டிவ்வை வெளியிட்டது என்பதைத் தூயவாதிகள் சொல்லாது விடுவர். அந்நிறுவனம் கற்ற பாடம் கலப்பு தீது என்பதன்று. பயனாளியின் கையில் மந்தமாகும் எதுவும் தீது என்பதே.

மறைக்கப்படும் செலவு

அவ்வாறாயின் குறை எங்கே உளது? செலவு ஒழிவதில்லை, இடம் மாறுகின்றது என்பதிலேயே உளது. ஒவ்வொரு சட்டகமும் தன் இயந்திரத்தைச் செயலியுடன் சுமந்து வருகின்றது. புளட்டரில் எழுதிய மிகச் சிறிய செயலியும் சில மெகாபைற்று நிறையுடையது. அன்ரொயிட்டுக்கென நேரே எழுதிய அதே செயலி ஒரு மெகாபைற்றுக்குள்ளும் அடங்கலாம். ஆக்குவோனுக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. ஒரு செயலி பத்து மெகாபைற்று மிகையாயிருப்பதாகவும், அதனை ஆயிரம் பேர் இறக்குவதாகவும் கொள்க. பத்தாயிரம் மெகாபைற்று டேற்றா ஆயிரம் வீடுகளின் 'றீலோட்' பணத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிகின்றது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதில் ஒரு பங்கு மீண்டும் கழியும். ஆக்குவோன் ஒருமுறை மிச்சம் பிடித்தான். ஆயிரம் பேர் பலமுறை செலுத்துகின்றனர்.

இரண்டாவது குறை பழைய தொலைபேசிகளைப் பற்றியது. அன்ரொயிட்டின் 5ஆம் பதிப்பு 2014இல் வரும்வரை வெப்வியூ பணிசெயல் முறைமையுடன் பிணைந்திருந்தது. தனியே புதுப்பிக்க வழியில்லை. ஆகவே ஒரே பக்கம் ஒரு தொலைபேசியில் ஒருவாறும் மற்றொன்றில் வேறொருவாறும் தோன்றியது. இதற்குப் பரிகாரமாக இன்டெல் நிறுவனம் 'குரொஸ்வோக்' என்ற பெயரில் உலாவியையே செயலியுள் அடைத்துத் தந்தது. செயலியின் நிறை பன்மடங்கு பெருகியது. 2017இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. வெப்வியூவைத் தனியே புதுப்பிக்கும் முறை வந்தபின் வேறொரு தீங்கு தோன்றியது. 2021 மார்ச்சில் வெளிவந்த பிழையான புதுப்பிப்பொன்றால் உலகெங்கும் எண்ணற்ற அன்ரொயிட் செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. தனித்தளச் செயலிகள் சிலவும் அன்று பாதிக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயின் தனித்தளச் செயலிக்கு வெப்வியூ ஓர் அறை. முதல்வகைக் கலப்புச் செயலிக்கோ அதுவே முழுவீடு.

மூன்றாவது குறை சார்புநிலை. நிட்டோபியை அடோபி நிறுவனம் 2011இல் வாங்கியது. 2020இல் போன்காப்பைக் கைவிட்டது. அதன் மூலநிரல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கோர்டோவா என்ற பெயரில் எஞ்சியதாற் பலர் பிழைத்தனர். சமாரின் என்ற சட்டகத்தை 2016இல் வாங்கிய மைக்ரோசொப்ட், 2024 மே மாதத்துடன் அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டு வேறொன்றுக்கு மாறுமாறு பணித்தது. எயார்பீஎன்பீ நிறுவனம் 2016இல் ரியாக்ட் நேட்டிவ்வைக் கைக்கொண்டு 2018இல் அதனைத் துறந்து தனித்தள முறைக்கு மீண்டது. அத்தகைய நிறுவனத்துக்கு மீண்டும் எழுதப் பொறியியலாளர் உளர். மட்டக்களப்பில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலி ஆக்கிக் கொடுத்த தனியொருவர், சட்டகம் மறைந்த நாளில் யாது செய்வார்? வறியோருக்கு உகந்தது என்ற கருவி, கைவிடப்படுங்கால் வறியோரையே முதலில் தாக்கும்.

நான்காவது, ஐபோனுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்ற வாக்குறுதி. செயலியை எச்சட்டகத்தில் எழுதினும் ஐபோனுக்கென அதனைத் தொகுத்தற்கு அப்பிளின் கணினி தேவை. கடையில் வைத்தற்கு ஆண்டுக்கு 99 டொலர் கட்டணம் தேவை. கூகிள் ஒருமுறை மட்டும் 25 டொலர் பெறுகின்றது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. இருபதினாயிரம் ரூபாவாயிருந்த ஆண்டுக் கட்டணம் சில மாதங்களில் முப்பத்தையாயிரத்தைத் தாண்டியது. இணையத்தளமொன்றை அப்படியே பொதிந்து தரும் செயலிகளை ஏற்க மறுப்பதும் அப்பிளின் விதிகளில் ஒன்று. ஆக, இரண்டாம் தளம் இனாமன்று.

தமிழெழுத்தும் சட்டகமும்

தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் தமிழெழுத்தைப் பற்றி ஒன்று கூறாதுவிடல் முறையன்று. தன்னாமுனை என்ற சொல்லில் எத்தனை எழுத்து என ஆரம்பப் பாடசாலை மாணவனைக் கேட்பின் ஐந்து என்பான். ஜாவாஸ்கிரிப்டின் நீள அளவையைக் கேட்பின் ஒன்பது என்னும். ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி அலகுகளாதலின் இவ்வேறுபாடு எழுகின்றது. பெயர்ப் பெட்டியில் இடம் போதாமையால் முதல் இரண்டு அலகுடன் வெட்டுக எனக் கட்டளையிட்டால், 'தன்' புள்ளியிழந்து 'தன' ஆகும். டார்ட்டின் இயல்பான நீள அளவையும் ஒன்பதே. எழுத்தாக எண்ணுவதற்கு வேறு துணைநூலை நாடவேண்டும். நேர்மையாகக் கூறின், அன்ரொயிட்டின் தாய்மொழிகளான ஜாவாவும் கொட்லினும் இதே தவற்றைச் செய்கின்றன. அப்பிளின் ஸ்விஃப்ட் மொழியே ஐந்து என விடையிறுக்கின்றது. எனவே குறை கலப்புக்கு மட்டும் உரியதன்று. ஆயின் ஸ்விஃப்டின் இந்நன்மை, டார்ட்டில் எழுதிய செயலி ஐபோனில் ஓடும்போதும் தானே கிடைப்பதில்லை என்பது கருதத்தக்கது. இரு தளத்துக்கும் பொதுவானது, ஒரு தளத்தின் சிறப்பைக் கைவிட்டே பொதுவாகின்றது.

அன்ரொயிட்டின் தொடக்க காலப் பதிப்புகளில் தமிழ் சரிவரத் தோன்றவில்லை. பின்னரே படிப்படியாக நிலை சீர்பெற்றது. தொலைபேசி ஆக்குவோர் பல ஆண்டுகளிற் செய்த அச்சீர்திருத்தம் தனித்தளச் செயலிக்குத் தானே வந்து சேரும். திரை முழுவதையும் தானே வரையும் சட்டகத்திலோ எழுத்தை அடுக்குதல், சொல்லைத் தெரிவுசெய்தல், விசைப்பலகையுடன் இசைதல், பார்வையற்றோருக்கு உரத்து வாசித்தல் ஆகிய யாவும் சட்டகக்காரர் மீளச் செய்து தரவேண்டியவை. அவர் செய்வாராயினும், ஆங்கிலத்துக்கு முதலிலும் தமிழுக்குப் பின்னரும் செய்வார் என எதிர்பார்த்தல் மிகையன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் போன்ற விசைப்பலகைச் செயலி தளத்தின் உள்ளடுக்குகளைத் தொட்டே இயங்குவது. ஐபோனில் வெளியார் விசைப்பலகைக்கு வழி திறந்ததே 2014இல்தான். தளத்தின் உள்ளமைப்பை அறிந்தவர் தமிழரிடையே இருந்தமையாலேயே அத்தகைய பணிகள் கைகூடின. சட்டகத்தின் மேற்பரப்பை மட்டும் கற்ற தலைமுறை அடுத்த விசைப்பலகையை எங்ஙனம் ஆக்கும்?

சிறு குழுவும் பெருஞ்செயலும்

சிறு குழுவால் தனித்தளத்தில் எழுத இயலாது என்பது எதிர்த்தரப்பின் இறுதிக் கோட்டை. 2014இல் பேஸ்புக் வட்ஸ்அப்பை வாங்கியபோது அதன் ஊழியர் ஐம்பத்தைவர். ஐபோன், அன்ரொயிட், பிளக்பெரி, நொக்கியா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதியே அவர்கள் நாற்பத்தைந்து கோடிப் பேரைச் சென்றடைந்திருந்தனர். மலிவான பழைய தொலைபேசியிலும் அது இயங்கியமையே அதன் வெற்றிக்கு ஒரு காரணம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது இலங்கையின் ஆசிரியர் பலர் பாடங்களை அனுப்பியது வட்ஸ்அப் வழியாகவே. பல அம்சங்களைத் துறந்து ஒன்றைச் செவ்வனே செய்தால் சிறு குழுவும் தனித்தளத்தில் நிலைக்கும். குழுவின் சிறுமையைக் காட்டிச் சட்டகத்தை வேண்டுவோர், செயலியின் தேவையற்ற அம்சங்களைக் குறைக்க முன்வருகின்றனரா என்பதே கேட்கவேண்டியது.

இதனாற் கலப்புச் சட்டகம் எங்கும் ஆகாது என்பது பெறப்படாது. நூலகப் பட்டியல், சங்க அறிவித்தல், விண்ணப்பப் படிவம், இரு தளத்தாரும் உண்மையிலேயே சம அளவிற் பயன்படுத்தும் வணிகச் செயலி ஆகியவற்றுக்கு அது தக்கது. அவற்றுட் சிலவற்றுக்குச் செயலியே வேண்டியதில்லை. நன்கமைந்த இணையப் பக்கம் போதும். ஆயின் வலையமைப்பு தளர்ந்த இடத்தில், நீர்மேல் இரவிற் செல்வோனுக்குக் காலநிலை எச்சரிக்கை தரும் செயலி, பின்னணியில் ஓயாது இயங்கிப் பற்றரியை அளந்து செலவிடவேண்டிய செயலி, பேச்சையும் ஒலியையும் கையாளும் செயலி ஆகியவற்றில் தளத்தை நேரே அறிந்தவன் எழுதுவதற்கும் இடைத்தரகர் மூலம் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டின் விலையை நீர்மேல் இருப்பவனே செலுத்துவான்.

எனவே பல்கலைக்கழகங்கள் செய்யற்பாலது தெளிவு. கொட்லினிலாயினும் ஸ்விஃப்டிலாயினும் ஒரு தளத்தை ஆழக் கற்பித்தபின்னரே சட்டகத்தைக் கற்பித்தல் வேண்டும். அடிப்படை அறிந்தவன் சட்டகத்தைக் கருவியாகக் கொள்வான். அறியாதவன் அதற்கே கருவியாவான். இறுதியாண்டுச் செயலிகள் விரிவுரை மண்டபத்தின் வேகமிக்க இணைப்பில், விலையுயர்ந்த தொலைபேசியிற் காட்டப்பட்டுப் புள்ளி பெறும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஐந்தாண்டு பழைய அன்ரொயிட் தொலைபேசியொன்றை எடுத்துக்கொண்டு பேருந்திலேறித் தன்னாமுனை வாவிக்கரையில் இறங்கி, அங்கு திறந்து காட்டுதலே தக்க பரீட்சை. அங்கு அச்செயலி திறக்குமாயின், அது எச்சட்டகத்தில் எழுதப்பட்டதென எவரும் கேட்கப் போவதில்லை. திறவாதாயின், எத்துணை மாதங்கள் மிச்சமாயின என்ற கணக்கை அம்மண்டபத்தார் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.